மில்பிடாஸ் கிடங்குகளில் பேலட் ரேக்

பேலட் ரேக் என்பது, பேலட் எனப்படும் மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் தட்டின் மேல் அடுக்கிய சரக்கை, அத்தட்டோடு சேர்த்துத் தளம் தளமாக உயரத்தில் வைப்பதற்கான எஃகுச் சட்டகமாகும். தமிழகத்து நெல் கிடங்குகளில் மூட்டைகளை அட்டி போடும்போது மேல்மூட்டைகளின் பாரம் முழுவதும் அடிமூட்டைகளின் மேல் இறங்குவதோடு, முதலில் வந்த மூட்டை கடைசியில் வெளியேறவும் நேர்கிறது. ரேக்கிலோ ஒவ்வொரு பேலட்டின் எடையும் குறுக்குவிட்டங்கள் வழியாகத் தூண்களுக்குச் சென்றுவிடுவதால், எந்தத் தளத்துச் சரக்கையும் மற்றவற்றைத் தொடாமல் எடுக்கலாம். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்முனையை ஒட்டியுள்ள மில்பிடாஸ் நகரில் இந்த அமைப்பைச் சரக்கின் பருமனைக் காட்டிலும் நிலத்தின் இயல்பே வடிவமைத்தது எனலாம்.

இருபுறமும் பலகை கொண்ட பேலட்டுக்கு 1939இல் ஜார்ஜ் ரேமண்டும் வில்லியம் ஹவுஸும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். இரண்டாம் உலகப்போரில் ராணுவச் சரக்குகள் பேலட்டாலும், அதைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியாலும் பெருமளவில் கையாளப்பட்டதால், போருக்குப் பின் இம்முறை தொழிற்சாலைகளிலும் வேரூன்றியது. லண்டனில் டிமிட்ரியஸ் கொமினோவின் டெக்சியான் நிறுவனம் 1947 முதல் விற்ற துளையிட்ட எஃகுக் கோணம்தான் தமிழகக் கடைகளில் இன்றும் காணப்படும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கின் முன்னோடி. அமெரிக்காவில் 1958இல் தொடங்கப்பட்ட ரேக் உற்பத்தியாளர் கழகம் 1964இல் முதல் வடிவமைப்பு விதிகளை வெளியிட்டது.

வேளாண் ஊராக இருந்த மில்பிடாஸ் 1954இல் நகராட்சியாயிற்று. அடுத்த ஆண்டே ஃபோர்டு நிறுவனத்தின் கார் தொழிற்சாலை அங்கே இயங்கத் தொடங்கி, பிற்காலத்தில் மஸ்டாங் கார்களையும் உருவாக்கி, 1983இல் மூடப்பட்டது. அக்கட்டடமே 1994இல் கிரேட் மால் என்னும் வணிக வளாகமாக மாறியது. இதற்கிடையே சோலெக்ட்ரான் போன்ற மின்னணு ஒப்பந்த உற்பத்தியாளர்கள் நகரின் அடையாளத்தை மாற்றியிருந்தனர். எஞ்சினும் கதவுமாகப் பருத்த பாகங்களின் இடத்தில் சுருள்களில் சுற்றிய சில்லுகள் வந்தபோது, கனத்த ரேக்குகளோடு இழுப்பறை அடுக்குகளும், நிலைமின் தடுப்புப் பெட்டிகளும், கேட்ட தட்டைத் தானே இறக்கித்தரும் செங்குத்து எந்திரங்களும் தேவைப்பட்டன. நிலத்தின் விலை ஏறியதும் கிடங்குகளை மேல்நோக்கி வளரவைத்தது: சாதாரண ஃபோர்க்லிஃப்டுக்கு ரேக்குகளுக்கு இடையே ஏறக்குறைய 12 அடி அகல நடைவழி வேண்டும், குறுகிய வழிக்கென உருவான வண்டிகளுக்கு அதில் பாதியே போதும்.

ஆனால் உயர்த்திக் கட்டுவதுதான் இங்கே சிக்கலானது. ஹேவர்டு, கலவேரஸ் ஆகிய நிலப்பிளவுகள் நகரின் கிழக்கு மலைகளை ஒட்டிச் செல்கின்றன. 1989ஆம் ஆண்டின் லோமா பிரியட்டா நிலநடுக்கம் (அளவு 6.9) இப்பகுதியையும் உலுக்கியது, 1994இல் தெற்கு கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கிடங்குபோன்ற பெருங்கடைகளின் ரேக்குகள் சரிந்தன. பொதுமக்கள் நடமாடும் இடத்து ரேக்குகள் பற்றி அமெரிக்கக் கூட்டாட்சி அவசரகால முகமை 2005இல் வெளியிட்ட 460ஆம் எண் அறிக்கை இவ்வகை அனுபவங்களின் விளைவே. கட்டடத்தில் பெரும்பாரம் கட்டடத்தின் சொந்த எடை. ரேக்கிலோ சட்டகம் இலேசாகவும் சரக்கு பன்மடங்கு கனமாகவும் இருப்பதால், அசைவில் எழும் விசை முழுவதும் மெல்லிய எஃகின் மீதே விழுகிறது. நடைவழிக்குக் குறுக்கே மூலைவிட்டச் சட்டங்கள் அதைத் தாங்குகின்றன. நடைவழியின் நீளவாக்கிலோ விட்டமும் தூணும் சேரும் மூட்டுகளை மட்டுமே நம்ப வேண்டியிருப்பதால் ரேக் அதிகமாக ஆடுகிறது. ஆகவே தூணின் கண்ணீர்த்துளி வடிவத் துளையில் மாட்டிய விட்டம் மேலெழும்பிக் கழன்றுவிடாதபடி பூட்டுக்கொக்கி 1,000 பவுண்டு மேல்நோக்கு விசையைத் தாங்க வேண்டும் என்றும், தூணின் அடித்தகடு கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்டுகளால் இறுக்கப்பட வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. 5 அடி 9 அங்குலத்துக்கு மேற்பட்ட ரேக்குக்குக் கட்டட அனுமதியும், சரக்கின் உயரம் 12 அடியைத் தாண்டினால் தீயணைப்பு விதிகளின்படி தனி ஆய்வும் பொதுவாகத் தேவைப்படுகின்றன. வாடகைக்கு இடம் பிடிக்கும் சிறு வணிகர்கள் ரேக்கை மேசை நாற்காலிபோல் எண்ணி, இவ்விதிகளைப் பின்னர் அறிந்து திகைப்பதும் உண்டு.

எனினும் அன்றாடச் சேதத்தைச் செய்வது நிலநடுக்கமன்று, ஃபோர்க்லிஃப்ட். வண்டி இடித்து வளையும் தூணின் கீழ்ப்பகுதிதான் அதிர்வின்போது பெரும்பாரம் ஏற்கும் பகுதி என்பதால், இடிபட்ட தூணுக்கு மேலுள்ள சரக்கை உடனே இறக்கிவிட்டு, பொறியாளர் ஒப்புதலுடன் பழுதுபார்த்த பிறகே மீண்டும் பாரம் ஏற்ற வேண்டும்.