சீகை மரத்தில் பிறந்த பாஸ்

ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில் பெல்கிரேவ் ரயிலில் ஏறியபோது என் கையில் இருந்தது காலிப் பெட்டி. நாலடி நீளம், உள்ளே சிவப்பு வெல்வெட். அதில் படுக்க வேண்டிய பாஸ் கிட்டார் பதினான்கு மாதமாக டாண்டனாங் மலையடிவாரத்தில், ஒற்றை ஆள் பட்டறை ஒன்றில் உருவாகிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலைதான் செய்தி வந்தது: "முடிந்துவிட்டது. பெட்டியோடு வா." அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பாஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே தெரியாத வயதில் அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் சாய்ந்துவிடாமல் இருக்க முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பாட்டோடு சேர்ந்து கம்பியும் அதிரும். பாடகரின் குரலுக்கு அதிராது, வயலினுக்கு அதிராது. அடியில் வேறொன்று தன்பாட்டுக்கு நடந்துபோகும், அதற்கு மட்டும் அதிரும். பக்கத்தில் இருந்த அண்ணனைக் கேட்டேன். இன்ஜின் அதிர்வு என்றான். பாட்டு முடிந்ததும் அந்த நடை நின்றுவிட்டது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாட்டைக் காதால் கேட்டேன், பாஸை உள்ளங்கையால் கேட்டேன். ராஜாவின் பாஸ் வெறும் அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை, பாட்டின் மெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெட்டாக ஓடும் என்பதையெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

மெல்போர்ன் வந்த பிறகு கடையில் ஒரு பாஸ் வாங்கி முறையாகக் கற்றேன். ஐம்பதைத் தாண்டியதும் இடது கைச் சுண்டுவிரல் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளை மெட்டு என்போம். முதல் மெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து நாலாவது மெட்டைச் சுண்டுவிரலால் தொட வேண்டும் என்றால், வழக்கமான பாஸில் கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் விரிய வேண்டும். என் கை சின்னது. மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரம் வாசித்தால் மறுநாள் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாது.

அந்த 13 சென்டிமீட்டரை யார் முடிவு செய்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கருவி பிறந்த கதைக்குள் நுழைந்தேன்.

அதற்கு முன்னால் அடிச்சுரம் என்றால் டபுள் பாஸ்தான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரக்கூடு. ஒரு மூலையில் நின்று அணைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும், காரில் ஏற்றுவதே பெரும்பாடு. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும் நடன அரங்குகளில் அதன் சத்தம் எடுபடாது. மெட்டுகளும் கிடையாது, சுரம் சேர்வது முழுக்கக் காதையும் கையையும் பொறுத்தது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் அதைக் குறுக்கி, மெட்டு வைத்து, மின்சாரத்தில் பேசும் ஒரு பாஸைச் செய்தார். அவர் காலத்தில் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் அதே காரியத்தைச் செய்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்துத் தொழிலுக்கு வந்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. செய்து, வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது அவர் வழக்கம். மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்று அதற்குப் பிரிசிஷன் பாஸ் என்றே பெயர் வைத்தார். டபுள் பாஸில் தந்தியின் நீளம் 40 அங்குலத்தைத் தாண்டும், சாதாரண கிட்டாரில் 25ஐ ஒட்டி இருக்கும். ஃபெண்டர் நடுவில் 34 அங்குலம் என்று நிறுத்தினார். அடித்தந்தியான 'ஈ' விநாடிக்கு 41 முறை அதிர வேண்டும். தந்தி ரொம்பக் குட்டையானால் தொளதொளத்துப் போகும், ரொம்ப நீளமானால் விரல் எட்டாது. 34 இரண்டுக்கும் சரிப்பட்டது. அன்று முதல் உலகத்துக் கைகளெல்லாம் பெரும்பாலும் அந்த அளவுக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டன.

பழக்கிக்கொள்ள மறுத்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பிடித்தவர்கள் அவர்கள்தான். ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஃபெண்டரிலிருந்து மெட்டுகளைப் பிடுங்கி எறிந்தார். இடைவெளிகளை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி வழுவழுப்பாக்கி வாசித்தார். நம் கோட்டுவாத்தியம் போலக் குழைந்து பேசியது அது. ஆந்தனி ஜாக்சனுக்கு நாலு தந்தி போதவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று சேர்த்து ஆறு தந்தி வேண்டும் என்றார். 1975இல் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞர் அதைச் செய்து கொடுத்தார். வாசிப்பவர் தன் குறையைச் சொல்ல, செய்பவர் மரத்தில் பதில் சொல்லும் தொழில் இது. நானும் அப்படி ஒருவரைத் தேட ஆரம்பித்தேன்.

தேடிப் போன வழியே எனக்குப் பிடித்துப்போனது. பெல்கிரேவ் ரயில் கேன்டர்பரியைக் கடக்கும், பிறகு பாக்ஸ் ஹில், அப்புறம் பேஸ்வாட்டர். ஆஸ்திரேலியக் கிட்டாரின் சரித்திரம் இந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே கிடக்கிறது. 1946இல் பில் மே என்ற ஜாஸ் இசைக்காரரும் அவர் சகோதரர் ரெஜ்ஜும் மெல்போர்னில் மேட்டன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பில் தச்சுவேலை வாத்தியார், ரெஜ் மர இயந்திரங்களில் கைதேர்ந்தவர். தங்கள் குடும்பப் பெயரான 'மே'யையும் 'டோன்' என்ற சொல்லையும் இணைத்து 'மேட்டன்' என்றார்கள். நல்ல கிட்டார் என்றால் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம். போருக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டில் அதுவும் எளிதில் வராது. பில் மே உள்ளூர் மரத்தைக் கையில் எடுத்தார்: பிளாக்வுட், குயின்ஸ்லாந்து மேப்பிள். 1963இல் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் சொந்தக் கிட்டார் பழுதுபார்க்கப் போயிருந்தபோது அவர் சில நாள் வாசித்தது ஒரு மேட்டன் மாஸ்டர்சவுண்ட். கேன்டர்பரியிலும் பேஸ்வாட்டரிலும் இருந்த தொழிற்சாலை இப்போது பாக்ஸ் ஹில்லில் இருக்கிறது. இந்த ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உள்ளூர் மரத்தைத் தயங்காமல் தொடுவதற்கு அந்த அண்ணன் தம்பிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் பாஸைச் செய்தவர் பெயர் போட வேண்டாம் என்றார். அறுபதுகளில் இருப்பவர். முதல் நாள் போனபோது என்ன மரம், என்ன நிறம் என்று எதுவும் கேட்கவில்லை. என் பழைய பாஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டையே பார்த்தார். பிறகு மேசையில் பழுப்புத் தாளை விரித்து என் இடது கையை வைக்கச் சொன்னார். விரல்களை முடிந்தவரை விரிக்கச் சொல்லி, தச்சுப் பென்சிலால் ஓரம் வரைந்தார். சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் இரண்டு கோடு: ஒன்று வலிக்காமல் எட்டும் தூரம், இன்னொன்று வலித்து எட்டும் தூரம். அந்தத் தாளைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். பதினான்கு மாதமும் அது அங்கேயே இருந்தது.

தந்தியின் நீளம் 32 அங்குலம் என்று முடிவானது. முதல் மெட்டுக்கும் நாலாவது மெட்டுக்கும் இடையில் ஏழரை மில்லிமீட்டர் குறைகிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் தாளில் இருந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்த தூரம் அதுதான். அதற்கு ஒரு விலையும் உண்டு. அதே தந்தியை அதே சுருதியில் இரண்டு அங்குலம் குறைத்துக் கட்டினால் இழுவிசை நூற்றுக்குப் பதினொன்று குறையும், 'ஈ' தளரும். அதைத் தடித்த தந்தியாலும் அசையாத கழுத்தாலும் ஈடுகட்ட வேண்டும் என்றார்.

பிறகு மரம். பின்கட்டில் அடுக்கியிருந்த பலகைகளில் ஒன்றை உருவி, ஓரத்தில் இழைப்புளியை ஒருமுறை ஓட்டினார். தேன் நிறச் சுருள் ஒன்று கழன்று விழுந்தது. உள்ளே பழுப்பு, நடுநடுவே செம்பட்டைக் கோடு. டாஸ்மேனிய பிளாக்வுட், அகேசியா மெலனோசைலான், வாட்டில் இனம் என்றார். வாட்டில் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் மலையில் அந்தக் குடும்பத்து மரங்களைச் சீகை என்போம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டவை. இந்த பிளாக்வுட்டும் அவற்றில் ஒன்று. இன்று சோலையையும் புல்வெளியையும் தின்கிறது என்று அங்கே வெட்டி அகற்றுகிறார்கள். வெட்டுவது நியாயம்தான், அந்தப் புல்வெளி போனால் திரும்பாது. ஆனாலும் அதன் சொந்த மண்ணில், அதற்குரிய மரியாதையோடு அதைப் பார்த்தபோது நெஞ்சை என்னவோ செய்தது.

அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, சீகை மரத்துல எனக்குக் கிட்டார் செய்யப் போறாங்க."

"சீகையா? அதை வெந்நீர் அடுப்புக்குல்லடா போடுவோம்."

கழுத்துதான் பாஸின் உயிர். நம் வீணையில் தண்டி எப்படியோ அப்படி. ஒரே பலாமரத்தில் குடத்தையும் தண்டியையும் சேர்த்துக் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. கிட்டாரிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. என்னுடையது ஒட்டு: பிளாக்வுட் உடலில் குயின்ஸ்லாந்து மேப்பிள் கழுத்து, உள்ளே வளைவைச் சரிசெய்ய ஒரு இரும்புக் கம்பி, விறைப்புக்கு இரண்டு கார்பன் இழைக் கம்பிகள். மரத்தை ஒரே மூச்சில் செதுக்கிவிடக் கூடாது. கொஞ்சம் செதுக்கி, வாரக்கணக்கில் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து மறுபடி செதுக்க வேண்டும். முதலில் செய்த கழுத்து ஐந்தாவது மாதம் கயிறு போல லேசாக முறுக்கிக்கொண்டது. எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் எஃகு அளவுகோலை அதன் மேல் வைத்து, கீழே வெளிச்சம் கசிவதைக் காட்டினார். அப்படியே ஓரம்கட்டிவிட்டு வேறு பலகை எடுத்தார். நான் மூன்று மாதம் கூடுதலாகக் காத்திருந்தேன்.

விரல் படும் பலகைக்குக் கிட்ஜி என்ற பாலைநில மரம். அதுவும் அகேசியாதான். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம். மழை வரப்போகிறது என்றால் இந்த மரம் நாற்றம் வீசும் என்று உள்நாட்டுக்காரர்கள் சொல்வார்களாம். வாளால் அறுத்தபோது மூக்கை வைத்துப் பார்த்தேன், காய்ந்த மரவாசனைதான். மெட்டுகளுக்கு அதில் மெல்லிய கோடு அறுப்பார்கள். மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். பன்னிரண்டு முறை வகுத்தால் மிகச்சரியாகப் பாதியில் வந்து நிற்கும். தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுபவர் மெழுகின் மேல் மெட்டை நகர்த்தி நகர்த்திக் காதால் இடம் பிடிப்பார். இவர் கணக்கால் பிடிக்கிறார். ஆனால் அறுத்த பிறகு ஒவ்வொரு மெட்டின் முனையையும் அரத்தால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டிப் பார்க்கிறார். அந்த இடத்தில் இருவரும் ஒரே ஆசாரிதான்.

பெட்டியோடு பட்டறைக்குள் நுழைந்தபோது மலையிலிருந்து பஃபிங் பில்லி நீராவி ரயிலின் விசில் கேட்டது. குன்னூரில் கேட்டு வளர்ந்த அதே விசில். பாஸ் மேசையில் கம்பளியின் மேல் கிடந்தது. எண்ணெய் மட்டும் பூசியிருந்தார். தூக்கினால் மூன்றரைக் கிலோ சொச்சம். தோள்வாரை மாட்டியதும் கழுத்து தானாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. பாஸ்களில் வழக்கமாக மேல் தந்தியில் ஐந்தாவது, ஏழாவது மெட்டுப் பக்கம் ஒரு சுரம் சீக்கிரம் செத்துவிடும். கழுத்தும் அதே வேகத்தில் அதிர்ந்து தந்தியின் சக்தியை உறிஞ்சிக்கொள்வதால் வரும் கோளாறு அது. அந்தச் சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது மெட்டில் மட்டும் புருவம் சுருங்கியது. தலைப்பகுதியின் பின்னால் விரல்நுனி அளவு பித்தளைத் துண்டு ஒன்றை வைத்துத் திருகினார். மறுபடி தட்டினேன். சுரம் நின்று ஒலித்தது.

முதல் மெட்டில் ஆள்காட்டி விரல், நாலாவதில் சுண்டுவிரல். மணிக்கட்டு நேராக இருந்தது. சுவரில் இருந்த பழுப்புத் தாளைக் கழற்றி நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அண்ணனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை, பின்னால் புகை தெரிந்தது, அடுப்பு எரிகிறது. ஆம்ப் போடாமலே அடித்தந்தியை மீட்டினேன். என் விலா எலும்பு வரை இறங்கியது சத்தம்.

"ஒண்ணும் கேக்கலையேடா. டொக்கு டொக்குனு விரல் சத்தம்தான் வருது."

போனின் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. மறுபடி மீட்டினேன். அவன் போனைக் காதில் வைத்துப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான்.

"சரி, லீவுக்கு வர்றப்ப எடுத்துட்டு வா. கையை வச்சுப் பாக்குறேன்" என்றான்.