சேது கடற்கரையும் இலங்கையும்: சுங்க எல்லையும் பொருளாதார இணைப்பும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குக் கடற்கரையில் புதுமடம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றின் தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் நீரிணையும் உள்ளன. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 30 கிலோமீட்டர் மட்டுமே. இரு கரைகளுக்கும் இடையே நெடுங்காலமாக வணிகம் நடந்துவந்தது. இன்று அவற்றைப் பிரிப்பது கடல் மட்டுமன்று. இரண்டு சுங்கச் சட்டங்களும் ஒரு நாட்டெல்லையும் அவற்றைப் பிரிக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரும் இக்கரைகளின் பழைய தொடர்பு ஏன் மீளவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பொருளாதார இணைப்பின் படிநிலைகள்

நாடுகளின் பொருளாதார இணைப்பைப் பொருளியலார் பல படிகளாகப் பிரிப்பர். உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்க வரியை நீக்கிக்கொண்டு, வெளிநாட்டுப் பொருள்களுக்குத் தத்தம் வரியை விதிப்பது தடையற்ற வணிகப் பகுதி எனப்படும். வெளிநாட்டுப் பொருள்களுக்கும் ஒரே வரியை விதித்தால் அது சுங்க ஒன்றியம் ஆகும். தொழிலாளரும் மூலதனமும் தடையின்றிச் சென்றுவர இடமளிப்பது பொதுச் சந்தை. அதற்கு மேல் பொது நாணயம் கொண்ட ஒன்றியம் அமையும். நடைமுறையில் இப்படிகள் இதே வரிசையில் அமைவதில்லை என்பதற்குச் சேது கடற்கரையின் வரலாறு சான்றாகும்.

வணிகக் குழுக்களின் காலம்

இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழகத்திலும் இலங்கையிலும் இயங்கினர். பொலன்னறுவை, பதவியா ஆகிய இடங்களில் அவர்களைக் குறிக்கும் கல்வெட்டுகள் உள்ளன. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், துணி முதலிய பொருள்களின் மீது வணிகர்கள் தாமே ஒரு பங்கு விதித்துக் கோயிலுக்கு அளித்ததைத் தெரிவிக்கிறது.

முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட நயினாதீவுக் கல்வெட்டு தமிழில் உள்ளது. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உரியவருக்கும் சேரும். பிற சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிப் பாதியாகப் பிரிக்கப்படும். சிங்கள அரசர் ஒருவர் துறைமுக விதியைத் தமிழில் பொறித்தமை, அத்துறையில் வணிகம் செய்தோர் யாவர் என்பதைக் காட்டுகிறது. வரி அக்காலத்திலும் இருந்தது. ஆனால் அது துறையில் இறங்கும் பொருளுக்கான வரியாகவே இருந்தது. கடலின் நடுவே கோடு எதுவும் வரையப்படவில்லை.

ஒரே பேரரசு, இரண்டு சுங்கம்

1796இல் இலங்கையின் கரையோரப் பகுதிகளை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அவற்றைச் சென்னையிலிருந்து நிர்வகித்தது. 1802இல் இலங்கை தனி அரசக் குடியேற்ற நாடாயிற்று. அதன் பின் இரு கரைகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தபோதிலும், சுங்க வருவாய் இரண்டு கருவூலங்களுக்குச் சென்றது.

நாணயத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரூபாய் இலங்கையிலும் செல்லும் நாணயமாக இருந்தது. 1872இல் இலங்கை ரூபாயை 100 சதங்களாகப் பிரித்தது. பின்னர் நாணயச் சபை தனித் தாள் நாணயத்தை வெளியிட்டபோதும் அதன் மதிப்பு இந்திய ரூபாயுடனேயே இணைக்கப்பட்டிருந்தது. 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. ஆகவே சுங்க ஒன்றியம் இல்லாமலேயே நாணய இணைப்பு இருந்தது.

தொழிலாளர் இடப்பெயர்வும் இக்கரை வழியாக நடந்தது. மலையகத் தோட்டங்களுக்குச் செல்வோரைத் தங்கவைத்து நோய்த்தடுப்புச் சோதனை செய்ய, இந்திய மண்ணிலேயே மண்டபத்தில் இலங்கை அரசு முகாம் நடத்தியது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் சேவை நேர்வழியாயிற்று. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பின் கொழும்புக்கு ரயில் என்று பயணம் அமைந்தது. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் ஆகியவை இயங்கின.

தொடர்பு அறுந்தது

விடுதலைக்குப் பின் இத்தொடர்பு பல கட்டங்களாகக் குறைந்தது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமை, குடிவரவுச் சட்டங்கள் மக்கள் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தின. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. இலங்கையில் இனப்போர் மூண்ட 1980களில் அதுவும் நின்றது.

1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலெல்லையை வரையறுத்தன. கச்சத்தீவுக்கு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் செல்லலாம் என்று 1974 ஒப்பந்தம் கூறுகிறது. இரு கரை மக்களின் சிறுவணிகத்துக்கு அதில் தனி ஏற்பாடு இல்லை.

1998 ஒப்பந்தம்

இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சார்க் நாடுகளின் தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி 2006இல்தான் தொடங்கியது. 1998 ஒப்பந்தப்படி, வரிச்சலுகை பெற ஒரு பொருளின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஏற்றுமதி நாட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

இது சுங்க ஒன்றியம் அன்று என்பதால் ஒரு சிக்கல் எழுந்தது. பாமாயிலுக்கு இந்தியாவில் அதிக வரியும் இலங்கையில் குறைந்த வரியும் இருந்தன. எனவே வனஸ்பதி ஆலைகள் இலங்கையில் தொடங்கப்பட்டன. அங்கே குறைந்த வரியில் பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பினர். இந்திய உற்பத்தியாளர்கள் எதிர்த்ததால் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்ற வரம்பு வந்தது. வெளிநாட்டுப் பொருள்களுக்கு இரு நாடுகளும் ஒரே வரி விதித்திருந்தால் இவ்வழி திறந்திருக்காது.

இவ்வணிகம் பெருந்துறைமுகங்கள் வழியாகவும் கொள்கலன்களிலும் நடைபெறுகிறது. மண்டபம், இராமேசுவரம் பகுதிகளின் சிறுவணிகர் ஒருவர் சில மூட்டைப் பொருளை அக்கரைக்கு முறைப்படி அனுப்ப அருகிலேயே வழி இல்லை.

கடத்தலின் கணக்கு

இரு நாடுகளின் வரிகளும் தடைகளும் வேறுபடுவதால் இக்கடலில் கடத்தல் தொடர்கிறது. 2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை இருந்தபோது, இராமநாதபுரம் கடற்கரையில் மஞ்சள் மூட்டைகள் அடிக்கடி பிடிபட்டன. பீடி இலையும் இவ்வாறே செல்கிறது. தங்கம் எதிர்த்திசையில் வருகிறது. இந்தியாவில் 2022இல் 15 விழுக்காடாக உயர்ந்த தங்க இறக்குமதி வரி 2024 ஜூலையில் 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரி உயரும்போது கடத்தல்காரரின் ஆதாயமும் உயர்கிறது.

கடல் அட்டையின் நிலை சற்று வேறானது. இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது குற்றம். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடித்து ஏற்றுமதி செய்யலாம். ஒரே கடலின் ஒரே உயிரினத்துக்கு இரு சட்டங்கள் இருப்பதால், இங்கே பிடிபட்டது அங்கே சரக்காகிறது. கடத்தலில் பிடிபடுவோர் பெரும்பாலும் படகில் செல்லும் கூலியாட்களே; முதலீடு செய்தவர்கள் கரையில் இருந்துவிடுகின்றனர்.

ஆப்பிரிக்க நாடுகளுடன் ஒப்பீடு

1910இல் உருவான தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம், இன்றும் இயங்கும் சுங்க ஒன்றியங்களுள் மிகப் பழமையானது. அதன் உறுப்பு நாடுகள் பொதுச் சுங்க வருவாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகியவை 1967இல் அமைத்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், நன்மைகள் சமமாகக் கிடைக்கவில்லை என்ற பிணக்காலும் அரசியல் பகையாலும் 1977இல் கலைந்தது. 2000இல் மீண்டும் உயிர்பெற்று, 2005இல் சுங்க ஒன்றியமாயிற்று.

சேது கடற்கரைக்கு மிகவும் பொருந்தும் எடுத்துக்காட்டு, கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையின் எளிய வணிக முறையாகும். எல்லை கடந்து சிறிய அளவில் விற்போர், குறிப்பிட்ட மதிப்பு வரையிலான பொருள்களுக்கு எளிய படிவம் ஒன்றை நிரப்பி வரிச்சலுகை பெறுகின்றனர். இவர்களில் பெண்கள் மிகுதி. எல்லையோர மக்கள் வழக்கமாகச் செய்துவந்த வணிகத்தைக் குற்றமாகக் கருதாமல் கணக்குக்குள் கொண்டுவருவதே இதன் நோக்கம்.

இன்றைய நிலை

2011இல் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை தொடங்கி, இடைநின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. அக்கடல்வழி 100 கிலோமீட்டருக்கும் அதிகம். மிகக் குறுகிய வழியான இராமேசுவரம்–தலைமன்னார்த் தடத்தை மீட்பது பற்றி இரு அரசுகளும் பேசிவருகின்றன. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 1914இல் பாலத்தின் வழியே சென்ற ரயிலைக் கடலுக்கு அப்பால் தொடர்ந்த கப்பல் இப்போது இல்லை.

வரி விகிதங்களைக் குறைப்பது பொருளாதார இணைப்பின் ஒரு பகுதி மட்டுமே. அருகில் ஒரு துறை, அதில் ஒரு சுங்கச் சாவடி, சிறுவணிகருக்கு ஏற்ற விதி ஆகியவை அமையாதவரை, ஒப்பந்தத்தின் பயன் பெருந்துறைமுகங்களோடு நின்றுவிடும். கடலோர ஊர்களுக்கு எல்லைக் காவலும் வழக்குகளுமே எஞ்சும்.