கேமரா யார் கையில்?

அம்மாவுக்கு மறதிநோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் படங்கள் கூடிவிட்டன. நைட்டியை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு நிற்கும் அம்மா. அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கும் அம்மா. பெரும்பாலானவற்றை எடுத்தவள் நான்தான். கேலிக்காக எடுக்கவில்லை. வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு நிலைமை தெரிய வேண்டும். நான் ஒருத்தியாகச் சமாளிக்கிறேன் என்பதும் தெரிய வேண்டும். எனக்கு அவை சாட்சிகள். ஒரு நாள் மதியம் அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, “என்னய எதுக்குடி எடுக்குற? எங்கிட்டக் கேட்டியா?” என்றார்.

நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடு இந்த நோயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அந்த வரலாற்றின் வாசலிலேயே ஒரு பெண்ணின் புகைப்படம் இருந்தது.

ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மனநல விடுதியில் 1902ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட படம் அது. படத்தில் இருப்பவர் அகுஸ்தே டேட்டர். வெள்ளை அங்கி, அவிழ்ந்து தொங்கும் கூந்தல், முழங்காலைக் கட்டிக்கொண்ட கைகள், கீழ்நோக்கிய பார்வை. 1901 நவம்பர் 25 அன்று அவரை அங்கே சேர்த்தபோது அவருக்கு வயது 51. அவரைப் பார்த்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். இன்று உலகம் இந்த நோயை அழைப்பது அவர் பெயரால்தான்.

அல்சைமர் எழுதிவைத்த நோயாளிக் கோப்பு ஒரு பெண்ணின் வாழ்க்கைக் குறிப்பும்கூட. அதில் நோய்க்கு முந்தைய கதை பெரும்பாலும் கணவர் சொன்னது. கணவர் ரயில்வேயில் எழுத்தர். மனைவி தன்மீது சந்தேகப்படத் தொடங்கினார், அண்டை வீட்டுப் பெண்ணோடு தன்னை இணைத்துப் பேசினார், சமையலில் தவறு செய்தார், பொருட்களை ஒளித்துவைத்தார் என்று அவர் சொன்னவை அறிகுறிகளாகப் பதிவாயின. அந்தக் குற்றச்சாட்டு நோயின் விளைவாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை யாரும் அகுஸ்தேயின் பக்கம் நின்று விசாரித்துப் பதியவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு பெண்ணின் மூளை தவறுவது முதலில் அடுப்படியில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. என் அம்மாவுக்கும் அப்படித்தான். சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்கு முன் ஒரு வருடமாக அவர் செய்தித்தாளைத் திறக்காமல் மடித்துவைத்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

உன் பெயர் என்ன என்று அல்சைமர் கேட்கிறார். அகுஸ்தே. குடும்பப் பெயர்? அகுஸ்தே. கணவர் பெயர்? அதற்கும் அகுஸ்தே என்றே நினைக்கிறேன் என்கிறார். மதிய உணவில் காலிஃபிளவரும் பன்றியிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, சாப்பிடுவது கீரை என்கிறார். பெயரை எழுதச் சொன்னால் ‘திருமதி’ என்பதற்கான சொல்லை எழுதிவிட்டு மீதியை மறந்து நின்றுவிடுகிறார். நடுவே, தன்னைத் தானே இழந்துவிட்டதாகவும் சொல்கிறார். தனக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லவும் தெரிந்திருக்கிறது.

அகுஸ்தே 1906 ஏப்ரலில் இறந்தார். அதற்குள் மியூனிக் நகருக்கு மாறிவிட்ட அல்சைமருக்கு அவருடைய மூளை அனுப்பப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் இதைப் பற்றிப் பேசினார். கேள்வி கேட்க ஆளில்லை. 1910இல் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். தொலைந்துபோன கோப்பு 1995இல்தான் ஃபிராங்ஃபர்ட்டில் மீண்டும் கிடைத்தது. அதன் பிறகு அந்தப் படம் உலகெங்கும் பாடநூல்களில், கருத்தரங்கத் திரைகளில் வருகிறது. அகுஸ்தே வீட்டில் எப்படி உடுத்தினார், எப்படிச் சிரித்தார் என்று நமக்குத் தெரியாது. கலைந்த தலையோடு கட்டிலில் உட்கார்ந்த ஒரு நொடிதான் அவர் முகமாக நிலைத்துவிட்டது.

விடுதிப் பெண்களைப் படமெடுக்கும் வழக்கம் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்ட மனநல விடுதியின் பெண்கள் பிரிவுக்கு 1848 முதல் 1858 வரை பொறுப்பாளராக இருந்த ஹியூ வெல்ச் டைமண்ட் தன் நோயாளிப் பெண்களைப் படமெடுத்தார். முகத்தைப் பார்த்தே மனநோயை வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலம். நோயாளி தன் படத்தைத் தானே பார்ப்பது குணமாக உதவும் என்றும், தப்பிப்போனாலோ மீண்டும் வந்தாலோ ஆளை அடையாளம் காணப் படம் பயன்படும் என்றும் அவர் வாதிட்டார். பரிவும் கண்காணிப்பும் ஒரே கேமராவுக்குள் இருந்தன. பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோவின் மேற்பார்வையில் ‘ஹிஸ்டீரியா’ பெண்களின் படங்கள் 1876 முதல் தொகுதிகளாகவே அச்சாயின. எடுத்தவர்கள் ஆண்கள். எடுக்கப்பட்டவர்களில் பலர் ஏழைப் பெண்கள்.

கேமரா கை மாறியது மிகத் தாமதமாகத்தான். பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸுக்கு 1982இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைக்கு முன் தன் மார்பின் மீது ‘ஜோ ஸ்பென்ஸின் உடைமையா?’ என்று எழுதிப் படமெடுத்துக்கொண்டார். நோயாளி தன் உடலைத் தானே பதிவு செய்யும் உரிமையை அந்த ஒரு கேள்விக்குறி கேட்டுவிட்டது. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் வேலையையும் உடல்நலத்தையும் தாங்களே படமெடுத்துப் பேசச் செய்தார்கள். ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர்பெற்ற அந்த முறையின் வேர்களில் பெண்ணியமும் ஒன்று என்று அவர்களே குறிப்பிட்டார்கள். வயல் வேலை செய்யும் பெண்களுக்காக உருவான அந்த வழி, பின்னாளில் மறதிநோயோடு வாழ்பவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

வெண்டி மிட்செல் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியரின் பணிநேர அட்டவணையைத் தயாரித்தவர். யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் நினைவிலேயே இருந்த பெண். இரண்டு மகள்களைத் தனியாக வளர்த்தவர். 2014இல், 58 வயதில், அவருக்கு இளவயது மறதிநோய் உறுதியானது. வேலை போனது. ஒரு பத்திரிகையாளரின் துணையோடு 2018இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அந்த நாட்களை எழுதினார். வீட்டில் ஓர் அறையை நினைவறையாக்கி, சுவரில் வரிசையாகப் படங்களை ஒட்டினார். பெயர்கள் போய்விட்டாலும் அந்தப் படங்களுக்கு முன் உட்கார்ந்தால் கிடைக்கும் நிம்மதி போகாது என்பது அவர் கணக்கு. குடியேறிய வாக்கிங்டன் கிராமத்தில் தினமும் கேமராவோடு நடந்தார். ஊரார் அவரைக் ‘கேமராக்காரம்மா’ என்று அறிந்தார்கள். 2024இல் அவர் இறந்தார்.

அகுஸ்தேயின் படத்தையும் வெண்டியின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் நாம் நோயாளியைப் பார்க்கிறோம். மற்றொன்றில் நோயாளி எதைப் பார்க்கிறார் என்பதைப் பார்க்கிறோம். வெண்டிக்கும் நோய் நிற்கவில்லை, கூடியது. ஆனால் நோய் கண்டறியப்பட்ட நாளுக்குப் பிறகும் காலை உண்டு, நடை உண்டு, பறவை உண்டு என்பதை அவரே சொல்ல முடிந்தது.

இது ஓரிருவர் கதையல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெண்களின் விகிதம் ஆண்களைவிடக் கூடுதல். மறதிநோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே கொடுக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயும் பெண்ணுக்கு, கவனிப்பும் பெண்ணுக்கு. அதனால்தான் நான் அண்ணனுக்குச் சாட்சி அனுப்பிக்கொண்டிருந்தேன். என் களைப்பு உண்மை. ஆனால் அதை நிரூபிக்க அம்மாவின் முகத்தை எடுத்துக்கொண்டது தவறு. இப்போது அண்ணனிடம், “மாசத்துல பத்து நாள் நீ வந்து பாத்துக்கணும்” என்று நேராகவே கேட்டுவிட்டேன். படம் இல்லாமலே அது அவனுக்குப் புரிந்தது.

குழுவிலிருந்த படங்களை அழித்தேன். என் பழைய போனை அம்மாவிடம் கொடுத்தேன். திரையில் எங்கே தொட வேண்டும் என்று தினமும் காட்ட வேண்டியிருக்கிறது. சில நாள் போனையே தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுகிறார். இருந்தாலும் இந்த நான்கு மாதத்தில் எழுபதுக்கு மேல் படங்கள் எடுத்திருக்கிறார். அடுப்பு, கொடியில் காயும் துண்டு, தன் கால்விரல்கள், வாசற்படியில் விழும் வெயில். இந்த வீட்டில் நாற்பது வருடமாக அவர் தினமும் குனிந்து பார்த்தவை. ஒன்றில் நான் இருக்கிறேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டு, நெற்றி சுருங்க, யாரையோ திட்டுவதுபோல.

“என்னம்மா இது, இப்பிடி எடுத்திருக்கீங்க?” என்றேன்.

“நீ அப்பிடித்தான இருக்குற” என்றார்.

நான் அந்தப் படத்தை அழிக்கவில்லை. அம்மாவை எடுக்க வேண்டும் என்றால் இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். வேண்டாம் என்றால் போனைக் கீழே வைத்துவிடுகிறேன். வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நாளும் வரும். அன்றைக்கு நான் கேமராவை எடுக்கப்போவதில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.