வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரும் மறைத்து வாழ்ந்த பெயரும்

ஒரு நடிகரை வீட்டுக்கு வீடு தெரிந்தவராக்குவது எது? திறமை என்பார்கள், அதிர்ஷ்டம் என்பார்கள். இரண்டு பேரின் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் நமக்குப் போதாது.

எம்.ஜி.ஆர். 1936இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் அறிமுகமானார். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வர 1947 ஆனது. பிறகு 'படகோட்டி', 'தொழிலாளி', 'விவசாயி', 'ரிக்‌ஷாக்காரன்' என்று உழைப்பவரின் உடையில் திரைக்கு வந்தார். சேரியிலும் குப்பத்திலும் அவர் படம் குடிசைச் சுவரில் ஏறியது. தரை டிக்கெட் வாங்கியவர்கள், மன்றம் வைத்தவர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அவர்களின் காசும் நேரமும்தான் அந்தப் பெயரை வளர்த்தன. அந்தப் பெயர் ஆட்சியையும் பிடித்தது. அந்த ஆட்சி ஏழைகளுக்கு உண்மையில் என்ன செய்தது என்ற கேள்வியை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான தம் ஆங்கில நூலில் விரிவாக எழுப்பினார்.

இனி பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' என்ற பேசாப் படத்தின் நாயகி. புலையர் சமூகத்தில் பிறந்தவர், காக்காரிசி நாடகம் ஆடியவர். ஜே.சி. டேனியல் இயக்கிய அந்தப் படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதே குற்றமாயிற்று. திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் ஆதிக்கச் சாதியினர் திரை மீது கல்லெறிந்தார்கள். ரோசியின் வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் நாகர்கோவிலுக்குத் தப்பி வந்தார். லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் கடைசிவரை வாழ்ந்தார். மீண்டும் நடிக்கவில்லை. படச்சுருளும் இன்று இல்லை.

இங்கே குறைந்தது திறமை அல்ல. புகழ் வளர ஒரு நடிகர் திரும்பத் திரும்பத் திரையில் தெரிய வேண்டும், சுவரொட்டியில் பெயர் வர வேண்டும், பத்திரிகை எழுத வேண்டும், அரங்கு கதவைத் திறக்க வேண்டும். இந்த ஒவ்வொரு வாசலிலும் சாதி காவல் நின்றது. ஒருவருக்கு நம் மக்களே புகழைக் கட்டிக் கொடுத்தார்கள். நம்மில் ஒருவருக்கோ இரண்டாவது படம்கூட வாய்க்கவில்லை.

ரோசியை மீட்டதும் தானாக நடந்ததல்ல. ஆய்வாளர்களும் தலித் எழுத்தாளர்களும் தேடி எழுதினார்கள். 2013இல் 'செல்லுலாய்ட்' படம் வந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரிலேயே திரைப்பட விழா நடத்துகிறது.

தோழர்களே, புகழை உண்டாக்கும் வலிமை நம் மக்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அதை யாருக்குச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி. உங்கள் ஊரில் கூத்தாடியவர், பறையடித்தவர், நாடகத்தில் வேடம் கட்டியவர் யார் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் அந்தப் பெயர்களும் ராஜம்மாள் என்ற பெயருக்குப் பின்னால் ரோசி மறைந்ததுபோல் மறைந்துவிடும்.