போர்ட், ஷெரி: அலமாரியில் வைத்தால் முதிருமா, கெடுமா?

வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், கிண்ணங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் நடுவில், பல வீடுகளில் ஒரு போத்தல் நிற்கும். லங்காவியில் வரியில்லாமல் வாங்கியதாக இருக்கும், அல்லது பணி ஓய்வின்போது யாராவது கொடுத்ததாக இருக்கும். ‘வைக்க வைக்க மதிப்புக் கூடும்’ என்று அதைத் திறக்க மாட்டார்கள். உள்ளே இருப்பது விஸ்கி என்றால் பெரிய நட்டமில்லை. போர்ட் அல்லது ஷெரி என்றால், அது பெரும்பாலும் நம் வெப்பத்தில் ஆண்டுக்கு ஆண்டு சுவை இழந்து கொண்டிருக்கிறது. எதை வைக்கலாம், எதை உடனே திறக்க வேண்டும் என்பதைப் போத்தலின் வில்லையே சொல்லிவிடும்.

இரண்டும் திராட்சை ஒயினில் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்டவை. ஆனால் சாராயம் சேர்க்கும் நேரம் வேறு. அங்கேதான் சுவையும் பிரிகிறது.

போர்ட் என்றதும் சிலருக்குப் போர்ட் கிள்ளான் நினைவுக்கு வரலாம். அது முழுத் தவறும் இல்லை. இந்த ஒயின் பெயர் பெற்ற போர்த்தோ நகரத்தின் பெயருக்கே ‘துறைமுகம்’ என்றுதான் பொருள். திராட்சை விளைவது அங்கிருந்து உள்ளே, வட போர்த்துகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில். கற்பாறைச் சரிவுகளில் படிப்படியாகச் சுவர் எழுப்பிய தோட்டங்கள் அவை. மலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் புரியும். கல் தொட்டியில் இறங்கித் திராட்சையைக் காலால் மிதிக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இன்றும் உண்டு.

கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும், மறுநாள் வாயில் வைக்க முடியாது. போர்ட்டில் அந்த ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் புளித்த சாற்றில் 77 விழுக்காட்டுச் சாராயத்தை, நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும், 19 முதல் 22 விழுக்காடு வரை மதுவுடனும் இருக்கிறது. 1703இல் இங்கிலாந்து போர்த்துகீசிய ஒயினுக்குத் தீர்வையைக் குறைத்தபின் வணிகம் பெருகியது, கலப்படமும் பெருகியது. அதைத் தடுக்க 1756இல் டோரு தோட்டங்களுக்கு எல்லை வகுத்தார்கள். இன்றும் உண்மையான போர்ட் போத்தலின் கழுத்தில் அரசு உறுதி முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். வாங்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து, வில்லையில் உள்ள சொல். ‘ரூபி’ என்றால் இளமையான, சிவந்த, பழச்சுவை மிக்க வகை. விலை குறைவு, முதல்முறை குடிப்பவருக்குப் பொருந்தும். ‘டானி’ என்பது மரப்பீப்பாயில் காற்றுப்பட்டு நிறம் வெளுத்து, கொட்டைகளின் மணம் ஏறியது. அதன்மேல் 10, 20, 30, 40 ஆண்டு என்று எழுதியிருக்கும். இது பீப்பாயிலேயே முதிர்ந்துவிட்ட சரக்கு. போத்தலில் அடைத்தபின் அது மேலும் முதிராது. 20 ஆண்டு டானியை இன்னும் 20 ஆண்டு அலமாரியில் வைத்தால் 40 ஆண்டு டானி ஆகாது.

போத்தலுக்குள் உண்மையாக முதிர்வது ‘விண்டேஜ்’ போர்ட். நல்ல விளைச்சல் கிடைத்த ஆண்டுகளில் மட்டுமே அதை அறிவிப்பார்கள். 2011, 2016, 2017 ஆகியவை பல நிறுவனங்கள் அறிவித்த ஆண்டுகள். அறுவடைக்குப்பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் போத்தலில் அடைத்துவிடுவதால், அது பல பத்தாண்டுகள் உள்ளேயே வளரும். ஆனால் படுக்க வைத்து, வெளிச்சமில்லாத குளிர்ந்த இடத்தில் காக்க வேண்டும். அடியில் வண்டல் சேரும் என்பதால், பரிமாறுமுன் மெதுவாக வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். திறந்தால் இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘லேட் பாட்டில்ட் விண்டேஜ்’ என்பதிலும் விண்டேஜ் என்ற சொல் வருகிறது. அது நான்கு முதல் ஆறு ஆண்டு கழித்து அடைக்கப்படுவது. வடிகட்டிய வகை என்றால் வாங்கியவுடன் குடிக்கலாம். காத்திருப்பதால் பயனில்லை. ‘கொல்யெய்டா’ என்பதிலும் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது ஒரே ஆண்டு விளைச்சலில் செய்த டானிதான்.

ஷெரி ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் நகரைச் சுற்றிய பகுதிக்கு உரியது. ஊரின் பழைய அரபுப் பெயரான ‘ஷெரிஷ்’ ஆங்கிலேயர் நாவில் ஷெரி ஆனது. இங்கே சர்க்கரை முழுவதும் புளித்து முடிந்தபின்தான் சாராயம் சேர்க்கிறார்கள். ஆகவே ஷெரி என்றாலே இனிப்பு என்பது தவறு. இனிப்பு ‘கிரீம்’ வகை பிரிட்டிஷ் நாவுக்காகக் கலக்கப்பட்டது, நம் பக்கம் அதுவே அதிகம் தெரிந்துவிட்டது.

15 விழுக்காடு அளவில் நிறுத்தினால், பீப்பாயில் ஒயினின்மேல் வெள்ளை ஈஸ்ட் படலம் ஒன்று படரும். காற்றுப் படாமல் அது காக்கும் ஷெரிதான் ‘ஃபினோ’. கடலோர சான்லூகாரில் முதிர்ந்தால் அதற்கு ‘மன்சனியா’ என்று பெயர். வெளிறிய நிறம், இனிப்பே இல்லாத உப்புக்காற்றுச் சுவை. 17 விழுக்காடு அளவுக்கு உயர்த்தினால் படலம் வளராது. காற்றுப்பட்டுக் கறுக்கும் அந்த வகை ‘ஒலொரோசோ’. இரண்டு வழியிலும் பயணித்தது ‘அமொந்தியாடோ’. வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்யும் ‘பெத்ரோ சிமெனெஸ்’ பாகுபோல் கறுத்து வழியும். வெனிலா ஐஸ்கிரீம்மேல் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டவர் அதை மறக்கமாட்டார். விஸ்கிப் பிரியர்கள் ‘ஷெரி பீப்பாயில் முதிர்ந்தது’ என்று பெருமையாகச் சொல்வதும் இந்த ஷெரியைப் பற்றித்தான்.

எல்லாவற்றிலும் நொய்யது ஃபினோ. அடைத்து ஓராண்டுக்குள் குடிப்பது நல்லது. கடையில் தூசி படிந்து நிற்பதை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம்தான். டானி, ஒலொரோசோ சில வாரங்கள் தாங்கும். பெத்ரோ சிமெனெஸ் இன்னும் நெடுநாள் இருக்கும்.

‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்ற ஐரோப்பிய அறிவுரை நம் 30 டிகிரி அறைக்குப் பொருந்தாது. ரூபியையும் டானியையும் அரைமணி நேரம் குளிரவைக்கலாம். ஃபினோ நன்றாகக் குளிர்ந்தே இருக்க வேண்டும். வறுத்த பாதாம், பொரித்த மீன், இறால் ஆகியவற்றோடு ஃபினோ அருமையாகச் சேரும். டானிக்கு முந்திரி. காரக் குழம்போடு போர்ட் வேண்டாம், மது மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும்.

அளவு முக்கியம். 20 விழுக்காட்டுப் போர்ட் 75 மில்லிலிட்டரில் உள்ள மது, 320 மில்லிலிட்டர் பீர் கேனில் உள்ளதற்கு ஏறக்குறைய சமம். திறந்த இல்ல உபசரிப்பில் சாதாரண ஒயின்போல் குவளை நிறைய ஊற்றினால், விருந்தினர் அறியாமலே இரண்டு மூன்று கேன் குடித்துவிடுவார். மலேசியாவில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 2020இல் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க: போர்ட்டில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை உண்டு, பெத்ரோ சிமெனெஸில் சட்டப்படியே 212 கிராமுக்குக் குறையாது. ஃபினோவில் சர்க்கரை மிகக் குறைவு, ஆனாலும் மது மதுதான்.

அலமாரிப் போத்தலை இன்று இறக்கி வில்லையைப் பாருங்கள். தனியாக ‘விண்டேஜ்’ என்றிருந்தால் படுக்க வைத்துக் குளிர்ந்த மூலைக்கு மாற்றுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் அடுத்த தீபாவளிவரை காக்க வேண்டாம். திறந்து முகர்ந்தால் வினாடிக் காடி வாடை அடித்தால், அது சமையலுக்கும் ஆகாது.