தந்திக் கம்பி விட்டுப்போன கோளாறுகள்

1875ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அந்தக் காலத்தில் தண்டவாளம் போகிற வழியெல்லாம் தந்திக் கம்பமும் கூடவே போகும். ரயில் வந்த கதையைச் சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு, கம்பியின் கதையைச் சொல்லத்தான் ஆள் குறைவு. ஆனால் இன்று திண்டுக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபில் உட்கார்ந்து, 'இந்த சென்சார் ஏன் மைக்ரோகண்ட்ரோலரோடு பேச மாட்டேன் என்கிறது' என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் மாணவருக்கு, ரயிலை விட அந்தக் கம்பிதான் நெருங்கிய சொந்தம்.

காரணம் எளிது. தந்தியும் சீரியல் தொடர்புதான். ஒரு கம்பி, ஒன்றன்பின் ஒன்றாக வரும் துடிப்புகள், மறுமுனையில் அதை எழுத்தாக மாற்ற ஓர் ஆள். ஆள் இருந்த இடத்தில் இப்போது சிப் இருக்கிறது. லேபில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தந்திக்காரர்கள் நூறு, நூற்றைம்பது வருடம் முன்பே பார்த்துச் சலித்தவை. இது தெரியாமல் ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் நேரத்தில் நல்ல சென்சார்கள் எத்தனையோ 'கெட்டுப்போச்சு' என்று குப்பைக்குப் போகின்றன.

முதலில் கிரவுண்ட். மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். 1838ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், திரும்பும் வழிக்கு பூமியே போதும் என்று காட்டினார். ஏறத்தாழ அதே சமயம் கல்கத்தாவில் ஓஷாக்னெஸி என்ற டாக்டர் (ஆம், மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர்!) ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே கம்பிக்குப் பதிலாக வைத்து சோதித்தார். இந்தியாவில் தந்தியைக் கொண்டுவந்தவர் இவர்தான். அதன் பிறகு நம் ரயில் நிலையங்களின் பிளாக் கருவிகள் வரை ஒரு கம்பியும் மண்ணில் புதைத்த எர்த்தும் என்று காலம் ஓடியது.

லேபில் இந்த வசதி கிடையாது. சென்சாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்கு லேப்டாப் யூஎஸ்பி என்று கொடுத்துவிட்டு, டேட்டா ஒயரை மட்டும் இணைத்தால் மின்சாரம் திரும்ப வழியே இல்லை. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது வேலை செய்கிறது, பிடுங்கினால் நின்றுவிடுகிறது, கை வைத்தால் ஏதோ வருகிறது... இப்படி பேய் பிடித்த மாதிரி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு கிரவுண்டும் சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

அடுத்தது வோல்டேஜ். 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கடியில் முதல் தந்திக் கேபிள் பேசியது. சிக்னல் மிக மெலிவாக வந்தது. பொறுப்பிலிருந்த ஒயிட்ஹவுஸ், சுமார் 2000 வோல்ட் தரும் சுருள்களை மாட்டினார். செப்டம்பருக்குள் கேபிள் செத்தது. கேபிள் முதலிலேயே சுமாராகத்தான் செய்யப்பட்டிருந்தது, பழி முழுக்க அவருக்கு மட்டும் சேராது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கேட்காத காதுக்கு இன்னும் கத்துவது வழி இல்லை என்று வில்லியம் தாம்சன் தன் கண்ணாடி கால்வனாமீட்டரால் காட்டினார். மெல்லிய சிக்னலைப் படிக்க நுட்பமான கருவி போதும்.

இப்போது 3.3 வோல்ட் மாட்யூலின் ஆர்எக்ஸ் காலில் 5 வோல்ட் கொடுப்பவரும் சின்ன ஒயிட்ஹவுஸ்தான். ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 5 என்பது 3.3 ஆகிவிடும், செலவு ஒரு டீக்குக்கூட வராது. பழைய கம்ப்யூட்டர் சீரியல் போர்ட் இன்னும் ஆபத்து. 1960ல் வந்த ஆர்எஸ்-232 முறையில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்பது பிளஸ் பக்கம். நேராகக் கோர்த்தால் எழுத்து வராது, சிப்தான் போகும். இடையில் மேக்ஸ்232 என்ற சிப் வேண்டும் என்பது 8051 கிட்டில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

எல்லாவற்றிலும் சுவையான கோளாறு பாட் ரேட். 1874ல் பிரான்சின் எமில் போதோ, ஐந்து துடிப்புகளால் ஓர் எழுத்து என்ற முறைக்கு உரிமம் பெற்றார். 'பாட்' என்ற அளவு அவர் பெயர்தான். அவருடைய கருவியில் இயக்குபவர் இயந்திரத்தின் தாளத்துக்கு ஏற்ப விரலை அழுத்த வேண்டும், தாளம் தப்பினால் எழுத்து தப்பும். இரு முனையும் நாள் முழுக்க ஒரே தாளத்தில் ஓடுவது எவ்வளவு கஷ்டம்! பின்னால் வந்த டெலிபிரிண்டர் இதை அழகாகத் தீர்த்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன் ஒரு தொடக்கத் துடிப்பு, அது கிளட்சை விடுவிக்கும், அச்சு ஒரு சுற்று சுற்றும், நிறுத்தத் துடிப்பில் நிற்கும். ஓர் எழுத்து முடியும் வரை மட்டும் வேகம் ஒத்துப்போனால் போதும். இன்றைய ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் இரண்டும் அந்தக் கிளட்சின் வாரிசுகள். 110 பாட் டெலிடைப்பில் இரண்டு ஸ்டாப் பிட் இருந்ததற்குக் காரணம், இரும்பு நின்று மூச்சு வாங்க நேரம் தேவைப்பட்டது.

8051ல் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விநோதமான கிரிஸ்டல் ஏன் என்ற வைவா கேள்விக்கும் பதில் இங்கேதான். அதை 12ஆல், பிறகு 32ஆல், பிறகு 3ஆல் வகுத்தால் சரியாக 9600. 'எல்லாம் ஒன்றுதானே' என்று 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் வருவது 10416. எட்டரை சதவீதம் அதிகம். முதல் ஐந்து டேட்டா பிட் தப்பித்துவிடும். ஆறாவதைப் படிக்கும் நேரத்தில் ஏழாவது வந்து நிற்கும், ஏழாவதன் இடத்தில் எட்டாவது, எட்டாவதன் இடத்தில் ஸ்டாப் பிட். விளைவு? ஆங்கில ஏ, பி, சி அனுப்பினால் திரையில் தலைகீழ் ஆச்சரியக்குறி, சென்ட் குறி, பவுண்டு குறி! பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். சாவியின் முதல் பற்கள் சரியாக இருந்து கடைசிப் பல் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பூட்டு திறக்காது. திரையில் வரும் குப்பையையும் பார்த்ததும் அழிக்காமல் படிக்க வேண்டும். ஒரே எழுத்துக்கு எப்போதும் ஒரே குப்பை வந்தால் வேகத்தில் தவறு. ஒவ்வொரு முறையும் வேறு குப்பை வந்தால் கிரவுண்டோ இரைச்சலோ.

இரைச்சலுக்கும் வரலாறு உண்டு. 1880களில் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கியதும், ஒரு கம்பியும் பூமியுமாக இருந்த டெலிபோன் இணைப்புகளில் ஒரே கரகரப்பு. இரண்டு கம்பியாக்கி, அவற்றை முறுக்கியதும் அடங்கியது. முறுக்கிய கம்பிக்கு 1881லேயே கிரகாம் பெல் உரிமம் வாங்கியிருந்தார். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை போன்ற இடங்களில் நாள் முழுக்க மோட்டார் ஓடும். அங்கே மேசை மேல் ஒரு அடி ஒயரில் வேலை செய்த இணைப்பை அப்படியே ஐம்பது மீட்டருக்கு நீட்டினால் நம்ப முடியாது. 1983ல் வந்த ஆர்எஸ்-485 முறையும் அதே முறுக்கிய ஜோடிதான்.

குப்பையாக வரும் குப்பை பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். சரியான எண் மாதிரியே வரும் தவறுதான் பயங்கரம். தந்தி எழுத்தர்கள் இதற்காகவே எண்களைக் கடைசியில் இன்னொரு முறை அனுப்புவார்கள். வெறும் பத்து என்பது நூறானால் வியாபாரி கதை முடிந்தது. டிஎச்டி11 சென்சார் அனுப்பும் 40 பிட்டில் கடைசி எட்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன, முதல் நான்கு பைட்டின் கூட்டல் அது. இதைச் சரிபார்க்கும் வரிகளை 'ப்ரோகிராம் பெரிதாகிறது' என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மழை குறைந்த திண்டுக்கல் சமவெளியில் சென்சார் சொல்வதைக் கேட்டு ஒரு விவசாயியின் போர் மோட்டார் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு பிட் புரண்டு ஈர மண் காய்ந்ததாகத் தெரிந்தால், வீணாவது அவர் நிலத்தடித் தண்ணீர்.

2013 ஜூலை 14ஆம் தேதி இரவோடு இந்தியாவில் தந்தி சேவை முடிந்தது. 1942ல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய பத்திரிகையின் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. இன்னொரு இடத்திலும் இருக்கிறது: மின்னியல் பாடத்தில் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்யும் முர்ரே லூப், வார்லி லூப் சோதனைகள். கேபிளின் தூர முனையில் இரண்டு கம்பியைச் சேர்த்துக் கட்டி, எத்தனை மைலில் கோளாறு என்று இங்கிருந்தே கணக்கிடும் வித்தை. பரீட்சை எழுதிவிட்டு வந்து அதே மாணவர் லேபில் சென்சாரை மாற்றி மாற்றிப் போடுகிறார். சென்சாரைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி-சீரியல் மாற்றியின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் ஒரு ஒயரால் சேர்த்துக் கட்டி, கீபோர்டில் ஏதாவது தட்டிப் பார்க்கலாம். தட்டியது திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் சரி, கோளாறு அதற்கு அந்தப் பக்கம். பிறகு சென்சார் இருக்கும் இடம் வரை ஒயரை நீட்டி, அங்கே கட்டித் தட்ட வேண்டும்.