ஒரு சோடிச் சப்பாத்து

படம் பார்க்கிறதே பாவம் என்பா எங்கட உம்மா. அவவே மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) பார்த்து அழுதா. ஒரே சோடிச் சப்பாத்தை நானாவும் தங்கச்சியும் மாறிமாறிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற கதை.

ஈரானியப் படங்களில் ஏன் இத்தனை பிள்ளைகள்? 1979 புரட்சிக்குப் பின், வீட்டுக்குள் நடக்கும் காட்சியிலும் நடிகை தலையை மூட வேண்டும். கணவன் மனைவியாக நடிப்போரும் தொடக்கூடாது என்றானது. குடும்பத்தை உள்ளபடி காட்ட முடியாமல் இயக்குநர்கள் பலர் பிள்ளைகளிடம் போனார்கள். பாதை முன்பே இருந்தது: 1965இல் தொடங்கிய ‘கானூன்’ சிறுவர் நிறுவனத்தில் கியாரொஸ்தமி படமெடுத்துவந்தார்.

தடைதான் கலையை வளர்த்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ‘வெள்ளை பலூன்’ எடுத்த ஜஃபர் பனாஹிக்கு 2010இல் இருபது வருடத் தடை விதித்தார்களே! ஆனாலும் ஏழை வீட்டு மானத்தை அந்தச் சின்னக் கால்கள் சொல்லிவிட்டன. உம்மா அழுததும் அதுக்குத்தான்.